பயிர்ப் பாதுகாப்புக்கு ஒரு ரெட்டைக்குழல்

விருதுநகர் பஜாரில் ஒரு நகை அடகுக் கம்பெனி இருக்கிறது. காலை ஒன்பதரைக்குப் போனால் வாசலில் காக்கிச் சட்டையும் முறுக்கு மீசையுமாக ஒருத்தர் நிற்பார். கையில் கனத்த ரெட்டைக்குழல் துப்பாக்கி. அவர்தான் பெத்தணன். எங்கள் ஊர் ஆமத்தூர்க்காரர், எனக்குத் தெருக்காரர். அந்த மாதிரி ஒரு வாசலில் அவர் ஆறு மாதம் முன்னாலேயே வந்து நின்றிருக்க வேண்டும். முடியாமல் போனது என்னால். இதை வேறு யாராவது சொல்லித் திரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆயுசில் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. தீபாவளிக்குப் பொட்டுவெடித் துப்பாக்கிகூட என் அப்பா வாங்கித் தந்ததில்லை. ஆனால் துப்பாக்கி லைசென்சுக்கு மனு எழுதுவதில் சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் வாசலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக வேப்பமரத்தடியில் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் பென்சன், வாரிசுச் சான்று, எதுவானாலும் முத்துக்கிருஷ்ணனிடம் போ என்றுதான் சொல்வார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசினால் மனுவைக் கிழித்துப் போட்டுவிடுவேன். அப்புறம் நானே இன்னொரு தாள் எடுத்து எழுதிக் கொடுப்பேன், அது வேறு விஷயம்.

பெத்தணன் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். சண்டை போட்ட ஆள் இல்லை. துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்து, பழுது பார்த்து, எண்ணி அடுக்கி வைக்கிற வேலை. ஊருக்கு வந்து பென்சனில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள், பென்சன் பத்தவில்லை. அதனால் அவர் சம்சாரம் பாண்டிச்செல்வி காலை ஏழு மணி வேனில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. போவது வெடிமருந்து செலுத்துகிற அறைக்கு. பேன்சி வெடியின் குழாய்க்குள் மருந்தை அள்ளிப் போட்டுக் கெட்டிக்கிற இடம். அங்கே கூலி கூடுதல். ஏன் கூடுதல் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2008 ஜூன் மாதம் பெத்தணன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, துப்பாக்கி லைசென்சுக்கு எழுதணும்."

"யாரைச் சுடப் போறே?"

"யாரையும் இல்லே. நிக்கதுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பேங்குகளுக்குப் பணம் கொண்டுபோகிற ஒரு ஏஜென்சியில் ஆள் எடுக்கிறார்களாம். எக்ஸ் சர்வீஸ்மேன் என்றால் உடனே வேலை, ஆனால் சொந்தமாகத் துப்பாக்கி இருக்க வேண்டும்.

"அந்த வேலை கெடைச்சுட்டா செல்வியை மருந்து ரூமை விட்டு எடுத்துருவேன் அண்ணாச்சி. பதினேழு வருஷம் நான் மருந்துக்குப் பக்கத்திலே இருந்தேன், அவ வீட்டிலே இருந்து சாமி கும்பிட்டா. இப்ப அவ உள்ள இருக்கா, நான் வெளியே இருக்கேன். என்னாலே முடியலே" என்றார்.

இதைக் கேட்ட பிறகாவது நான் யோசித்து எழுதியிருக்க வேண்டும். எங்கே யோசித்தேன்! மனுவில் 'துப்பாக்கி எதற்காகத் தேவைப்படுகிறது' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் நான் இருபத்திரண்டு வருஷமாக எழுதி வருவது இரண்டே வார்த்தை: பயிர்ப் பாதுகாப்பு. நிலத்தில் என்ன பயிர் என்று காட்டுகிற அடங்கல் நகல் ஒன்று வைத்துவிட்டால் போதும், காட்டுப்பன்றி என்றால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை, ஃபைல் மளமளவென்று நகர்ந்துவிடும். பலசரக்கு மண்டிக்காரர், பட்டாசு முதலாளி, பேங்க் காவலுக்குப் போகிறவர் எல்லாருக்கும் அதேதான். எங்கள் மாவட்டத்துக் காகிதங்களை மட்டும் படிக்கிறவன், இங்கே மனுஷனைவிடக் காட்டுப்பன்றி ஜாஸ்தி என்று நினைத்துக்கொள்வான்.

பெத்தணனுக்குக் கரிசலில் ஒரு ஏக்கர் மக்காச்சோளம் இருந்தது. நான் எழுதுவதை எட்டிப் பார்த்தவர், "நான் காவல் வேலைக்குல்லா கேக்கேன்?" என்றார்.

"மனு எழுதுறது நீயா, நானா?" என்று ஒரு சத்தம் போட்டேன். பட்டாளத்துக்காரர் இல்லையா, அதற்குமேல் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரியில் லைசென்ஸ் வந்துவிட்டது. பார்த்தாயா என் கைராசியை என்று நான் டீக்கடையில் பீற்றிக்கொண்டேன். அடுத்து எந்தத் துப்பாக்கி வாங்குவது என்று பிரச்சினை. மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையில் இரண்டு பழைய துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று லேசான ஒற்றைக்குழல். இன்னொன்று கனத்த ரெட்டைக்குழல், நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பெத்தணன் தானாக முடிவு செய்யவில்லை. சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்றார். என் மனுவில் லைசென்ஸ் வாங்கியவர்கள்தானே எல்லாரும், நானே கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் விருதுநகரில் நல்லசிவம் முதலாளி வீடு. பட்டாசுக் கம்பெனிக்காரர். அவருடைய துப்பாக்கி அவர் அப்பா காலத்துச் சீமைத் துப்பாக்கி, கனம் என்றால் கனம். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் குழாய் மேல் காய்ந்து கிடந்தது.

"கனத்தையே வாங்குங்க தம்பி" என்றார். "துப்பாக்கின்னா தூக்கும்போதே தெரியணும். லேசா இருந்தா குடைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

"சுட்டா தோள்லே எப்படி இருக்கு மொதலாளி?"

"சுடுறதா? அதை எதுக்குச் சுடணும்!"

அடுத்தது சீனிவாசகம். இப்போது பெத்தணன் நிற்கிற அதே நகை அடகுக் கம்பெனியில் அப்போது மூன்று வருஷமாகக் காவல் நின்றவர். பெத்தணனைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வைத்திருந்தது லேசான ஒற்றைக்குழல். எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை, அவரே நின்றுகொண்டிருந்தார்.

"கனத்தை வாங்கிராதீக. சுடுறது என்னைக்கோ ஒரு நாள். தூக்குறது தினம். எட்டு மணி நேரம் நின்னு பாருங்க, கணுக்கால் ரெண்டும் பூசணிக்காயா வீங்கிரும். இது பாருங்க, கைப்பிள்ளை கணக்கா இருக்கு" என்று தன் துப்பாக்கியைத் தட்டிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருத்தர் பூசைக்குச் சொல்கிறார், ஒருத்தர் கணுக்காலுக்குச் சொல்கிறார், துப்பாக்கியைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையே என்றேன். பெத்தணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஆப்பிரிக்காவுக்கு அமைதிப் படையில் போயிருந்த காலத்தைப் பேச ஆரம்பித்தார். அங்கே பிடிபட்ட துப்பாக்கிகளைக் கணக்கெடுக்கும்போது ஜெர்மனிக்காரன் டிசைன் போட்ட ரைஃபிள் ஒன்று அவர் கைக்கு வந்ததாம்.

"அதுவும் இரும்பாக் கனக்கும் அண்ணாச்சி. பட்டாளத்துலே பாதிப் பேரு அதைத் தூக்கவே மூஞ்சியைச் சுளிப்பான். ஆனா உள்ள ரெண்டு சின்ன உருளை இருக்கு. குண்டு குழாயை விட்டு வெளியே போற வரைக்கும் அந்த ரெண்டு உருளையும் பின்பக்கத்தைத் திறக்க விடாமப் பிடிச்சுக்கிடும். கண்ணை மூடித் திறக்குற நேரம்கூட இல்லே, ஆனா அம்புட்டு நேரம் பிடிச்சாப் போதும். சுடுறவன் மூஞ்சி தப்பிச்சுரும். அந்தக் கனமும் சும்மா கனமில்லே. அடியைப் பாதி அதுவே வாங்கிக்கிடும்."

அந்த ரைஃபிள் எல்லாம் பட்டாளத்துக்காரன் சமாச்சாரம், நம்மைப் போன்றவர்கள் வாங்க முடியாது. ஆனால் அவர் மனசு கனத்துக்குப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மதுரைக்குப் போய் ரெட்டைக்குழலையே வாங்கி வந்தார்.

வீட்டில் பாண்டிச்செல்வி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தது. கை இரண்டும் முழங்கை வரை வெள்ளி பூசினது போல மினுங்கியது. அலுமினியப் பொடி. எத்தனை சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் இருப்பது போகாது.

"யாத்தே, எம்புட்டுக் கனம்! இதைத் தூக்கிட்டா நாள் பூரா நிக்கப் போறீக?"

"லேசா இருந்தா அடி அம்புட்டும் தோளுக்கு வந்துரும் செல்வி. இது தாங்கிக்கிடும்."

"யாரையும் சுட மாட்டேன்னுதானே சொன்னீக? பெறகு எங்கிட்டு இருந்து அடி வரும்?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பெத்தணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏப்ரல் ஒண்ணாம் தேதி இவுக வேலையிலே சேர்ந்தா, ரெண்டாம் தேதி வேன்காரனுக்கு டாட்டா காட்டிருவேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எனக்குக் காப்பி போட உள்ளே போனது.

மார்ச்சில் பாராளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். இது வழக்கம்தான். பேங்குக் காவல், பணம் கொண்டுபோகிற காவல் என்று இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நான் பெத்தணனிடம், "நீ கவலையே படாதே, ஏஜென்சி லெட்டரைக் கொண்டா, விலக்கு வாங்கித் தாரேன்" என்று மார் தட்டினேன். மனு எழுதி நானே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உள்ளே இருந்த கிளார்க் லைசென்ஸ் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். "அண்ணாச்சி, இதிலே பயிர்ப் பாதுகாப்புன்னுல்ல போட்டிருக்கு? காட்டுப்பன்றிக்கு எலெக்சன்லே விலக்கு இல்லையே" என்றார். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அவர்மேல் தப்பில்லை. புத்தகத்தில் இருந்தது என் வார்த்தை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பெத்தணன் வந்ததும் மறைக்காமல் சொன்னேன், நான் எழுதின ரெண்டு வார்த்தைதான் உன் வேலையைக் கெடுத்துவிட்டது என்று. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். லைசென்ஸ் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி அண்ணாச்சி, ஸ்டேஷன்லே கொண்டுபோய் வச்சிட்டு வாறேன்" என்று போய்விட்டார். ஏஜென்சிக்காரர்கள் துப்பாக்கியோடு வந்த வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து காலை ஏழு மணி எனக்கு ஆகாத நேரமாகிவிட்டது. வேன் எங்கள் தெருமுனையில்தான் நிற்கும். பாண்டிச்செல்வி தூக்குச்சட்டியோடு ஏறும்போது, "வாறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறும். எலெக்சனால்தான் வேலை தள்ளிப்போனது என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. பெத்தணன் என் பேரை வீட்டில் சொல்லவே இல்லை. நான் பேப்பர் படிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொள்வேன்.

பெத்தணன் என்ன செய்தார் தெரியுமா? தன் துப்பாக்கி துருப்பிடிக்குமே என்று எண்ணெய் போடப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு அறையில் நாற்பது ஐம்பது துப்பாக்கிகளை விறகு மாதிரி சாத்தி வைத்திருந்தார்களாம். பட்டாளத்து மனசு கேட்கவில்லை. எஸ்.ஐ.யிடம் அனுமதி கேட்டு, தினமும் காலையில் போய் ஒரு போலீஸ்காரர் முன்னிலையில் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். சொந்தக்காரர்கள் அளந்த பெருமை எல்லாம் அங்கே வெளியே வந்துவிட்டது. நல்லசிவம் முதலாளியின் சீமைத் துப்பாக்கிக்குள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. சீனிவாசகத்தின் கைப்பிள்ளையில் தோட்டாவைக் குத்துகிற ஊசி முறிந்து கிடந்தது. அவர் லைசென்சிலும் நான்தான் காட்டுப்பன்றி எழுதியிருந்தேன், அதனால் அதுவும் அங்கே வந்திருந்தது.

சொன்னால் சீனிவாசகத்தின் வேலை போகும், அந்த இடம் பெத்தணனுக்கே கிடைத்தாலும் கிடைக்கும். "கம்பெனியிலே ஒரு வார்த்தை போடுவமா?" என்று நான் கேட்டேன். ஆமாம், கேட்டேன். எப்படியாவது அந்த வேனை நிறுத்த வேண்டும் என்று எனக்கு இருந்தது.

"சே, என்ன அண்ணாச்சி நீங்க! அவரும் நிக்கதுக்குத்தானே வச்சிருக்காரு" என்றார். அவரே போய் சீனிவாசகத்திடம் காதோடு சொல்லியிருக்கிறார், துப்பாக்கி திரும்பி வந்ததும் மதுரைக்குக் கொண்டுபோய் ஊசி மாற்றிக்கொள்ளுங்கள் என்று. சீனிவாசகம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். "அப்ப மூணு வருஷமா வெறும் குழாயை வச்சுக்கிட்டா நின்னேன்?" என்று கேட்டாராம். அக்டோபரில் கணுக்கால் முடியாமல் விலகினபோது, தன் இடத்துக்குப் பெத்தணன் பேரைச் சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான்.

ஏப்ரல் கடைசி வாரம். வெயில் காட்டமாக அடித்துக்கொண்டிருந்தது. பதினொன்றரை மணிக்கு டீக்கடையில் யாரோ போனில் பேசிவிட்டு, "ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடிச்சிருச்சாம்" என்றார். எந்தப் பட்டாசு யூனிட் என்று தெரியவில்லை. கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு மனுப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு ஆமத்தூருக்கு ஆட்டோ பிடித்தேன். ஸ்டேஷன் வாசலில் பெத்தணன் எண்ணெய்க் கையோடு மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். அது ஸ்டார்ட் ஆகவில்லை. எந்தத் துப்பாக்கியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவருக்கு வண்டிச் சாவியைத் திருப்ப வேண்டும் என்று தோன்றவில்லை. நான் திருப்பிவிட்டேன். யூனிட்டுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் போன் போட்டுப் பார்க்கவும் வழியில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. எதிரே ஒரு ஆம்புலன்ஸ் போனது. பெத்தணன் வண்டியை நிறுத்தி அது போன திசையைப் பார்த்தார். திரும்புவதா, முன்னால் போவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "முன்னாலே போ" என்று கத்தினேன்.

வெடித்தது பக்கத்து யூனிட். அங்கே ஒரு அறை தரைமட்டம். இரண்டு பேரைத் தீக்காயத்தோடு தூக்கிப் போயிருந்தார்கள். சுற்றியிருந்த யூனிட்டுகளில் எல்லாரையும் வெளியே விரட்டிவிட்டதால் ரோட்டோரம் உடைமர நிழலில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் பாண்டிச்செல்வி இருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்களைப் பார்த்ததும் அது சண்டைக்கு வந்தது. "எதுக்கு இந்த வெயில்லே வந்தீக? அண்ணாச்சியை வேற கூட்டிட்டு! என் தூக்குச்சட்டி உள்ளேயே கெடக்கு, எடுக்க விட மாட்டேங்கான்" என்று படபடவென்று பேசிக்கொண்டே இருந்தது. பெத்தணன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் கைகளின் மேல் ஊற்றினார். பொடி வழிந்தது, மினுக்கம் போகவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. "தாயி, எலெக்சன் இல்லே, நான்தான் காரணம். மனுவிலே காவல் வேலைன்னு எழுதாம பயிர்ப் பாதுகாப்புன்னு எழுதிட்டேன். ஒழுங்கா எழுதியிருந்தா நீ இங்கன உக்காந்திருக்க மாட்டே" என்று சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே சொன்னேன், அதில் என்ன வெட்கம்.

அது புருஷன் முகத்தைப் பார்த்தது. அவர் தரையைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பையிலே பேப்பர் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டது.

"இருக்கு."

"அப்ப ஒரு மனு எழுதுங்க. கம்பெனிக்கு. நாளையிலேருந்து நான் வேலைக்கு வரலேன்னு. அந்தா ஃபோர்மேன் நிக்காரு, கையிலே குடுத்துட்டுப் போயிருவோம். இவுகளுக்கு வேலை கெடைக்கிறப்ப கெடைக்கட்டும்."

எட்டு வயதில் தீப்பெட்டி ஒட்டப் போன பிள்ளை, பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. நான் பையை மடியில் வைத்து அதன்மேல் தாளை வைத்து எழுதினேன். எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். "குடும்பச் சூழ்நிலை காரணமாக நாளை முதல் பணிக்கு வர இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

"குடும்பச் சூழ்நிலைன்னா என்னது?"

"எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுறது."

"என் குடும்பத்துக்கு என்ன அண்ணாச்சி, நல்லாத்தானே இருக்கு? உள்ளதை எழுதுங்க."

பேனா என் கையில் நின்றுவிட்டது. "உள்ளதுன்னா, என்ன எழுத?" என்று கேட்டேன்.

"பயமா இருக்குன்னு எழுதுங்க."

அந்தத் தாளைக் கிழித்தேன். குறுக்கே பேசியதற்காக இல்லை. இன்னொரு தாள் எடுத்து, இருபத்திரண்டு வருஷத்தில் யாருக்கும் எழுதாத காரணத்தை எழுதினேன்: எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் வரவில்லை. கைநாட்டு வைக்க மை டப்பா தேடினேன். சூலக்கரை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"மை எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, பாண்டிச்செல்வி பெருவிரலைப் சேலைக் கரையில் ஒட்டியிருந்த பொடியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, தாளில் என் எழுத்துக்குக் கீழே அழுத்தியது. ரேகை ஒன்று விடாமல் வெள்ளியாகப் பதிந்தது.